உற்பத்தித் திறன் பற்றி நான் போட்ட போட்டோ

எனக்குப் பொருளாதாரம் தெரியாது. இன்றைக்கு இதை வெட்கமில்லாமல் எழுதுகிறேன். என் இருபத்தாறாவது வயதில் யாராவது இதை என்னிடம் சொல்லியிருந்தால் அவரை உடனே பிளாக் செய்திருப்பேன்.

அப்போது நான் தூத்துக்குடி பழைய துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கிளியரிங் ஆபீசில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். ஏற்றுமதிக் காகிதங்களைக் கஸ்டம்ஸில் காட்டி, முத்திரை வாங்கி, சரக்கு ஏறும் இடத்தில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். (தபால்காரர் வேலைதான். ஆனால் கார்டில் ‘எக்ஸிகியூட்டிவ்’ என்று அச்சடித்திருந்தார்கள்.) இது சம்பளத்துக்குச் செய்த வேலை. முழுநேர வேலை என் போனில் இருந்தது. நாட்டு நடப்பு பேசுவதற்கென்றே ஒரு விவாதக் குழு. விலைவாசி ஏறியதற்கு ஆளுங்கட்சிதான் காரணம் என்று பாதிப்பேர், முன்னால் ஆண்டவர்கள்தான் காரணம் என்று மீதிப்பேர். நான் நடுநிலை. அதாவது, இரண்டு பக்கத்தையும் திட்டுவேன்.

என் கொள்கை எளிமையானது. நம் ஆட்கள் ஒழுங்காக வேலை செய்வதில்லை, அதனால் விலை ஏறுகிறது, அவ்வளவுதான். ‘உற்பத்தித் திறன்’ என்ற சொல்லை அந்த மாதம்தான் கற்றிருந்தேன். புதுச் செருப்பு வாங்கியவன் மாதிரி அதைப் போட்டுக்கொண்டு எல்லா விவாதத்துக்குள்ளும் நடந்து போனேன். எனக்கு நிரந்தர எதிரி ஒருவர் இருந்தார். மணப்பாட்டுக்காரர், கப்பலில் வேலை, குழுவில் பெயர் ‘கடல்ராசா’. நான் எதை எழுதினாலும் நிதானமாக ஒரு கேள்வி கேட்பார். அந்த நிதானம்தான் எனக்குப் பொறுக்காது.

இந்த நேரத்தில்தான் என் அக்காவின் கணவர், ஆறுமுகநேரியில் காய்கறி மொத்த வியாபாரம் செய்யும் அத்தான், முதல்முறையாக மாலத்தீவுக்குப் பெரிய மரத் தோணியில் பல்லாரி அனுப்பத் துணிந்தார். (வெளியூர்க்காரர்களுக்கு: பல்லாரி என்றால் பெரிய வெங்காயம்.) இந்த லோடு கெடாமல் போய்ச் சேர்ந்தால் அங்கேயுள்ள வியாபாரி தொடர்ந்து வாங்குவதாகச் சொல்லியிருந்தார். காகித வேலை என் பொறுப்பு.

“மாப்ள, காயிதம் பத்து மணிக்கு வந்துரும்லா?”

“அத்தான், நான் இருக்கும்போது ஒங்களுக்கு என்ன கவல?”

கவலைப்பட்டிருக்க வேண்டும். முத்திரை விழுந்த காகிதம் கைக்கு வராமல் ஒரு மூட்டைகூடத் தோணியில் ஏறக் கூடாது. இரண்டு மணிக்குள் ஏற்றி முடிக்காவிட்டால் தோணி அன்றைக்குக் கிளம்பாது. அடுத்த இரண்டு நாள் விடுமுறை. அந்தப் புழுக்கத்தில் லாரியிலேயே கிடந்தால் மாலத்தீவு போய்ச் சேர்வதற்குள் பல்லாரி அழுகிவிடும், அத்தானின் ஏற்றுமதியும் அதோடு முடிந்துவிடும்.

காகிதம் பத்து மணிக்கெல்லாம் என் பைக்குள் வந்துவிட்டது. அதில் குறையே இல்லை. பைக்கில் துறைமுகக் கேட்டு வரைக்கும் வந்தேன். அங்கே போன் அதிர்ந்தது. கடல்ராசா எழுதியிருந்தார்: ‘வேலை செய்யவில்லை, செய்யவில்லை என்கிறீர்களே, யார் செய்யவில்லை என்று ஒரு உதாரணம் சொல்லுங்கள்.’

ஒரே ஒரு பதில் போட்டுவிட்டு உள்ளே போகலாம் என்று எதிரே டீக்கடையில் உட்கார்ந்தேன். ஒரு பதில் ஒன்பது பதிலானது. நடுவில் அத்தான் ஆறு தடவை கூப்பிட்டார். நாட்டின் எதிர்காலம் ஊசலாடும் நேரத்தில் பல்லாரி பற்றி என்ன பேச்சு என்று ஆறு தடவையும் கட் செய்தேன். மணி பதினொன்று தாண்டியது. அப்போது கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் தற்செயலாகப் பார்த்தேன். உதாரணம் கண்ணெதிரே இருந்தது.

ஒரு லாரியின் நிழலில் லோடுமேன்கள் பத்துப்பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் பீடி குடித்தார், ஒருவர் தலைத்துண்டை விரித்துப் படுத்தே விட்டார். நான் போனை நீட்டிப் பெரிதாக்கி ஒரு படம் எடுத்தேன். கீழே இப்படி எழுதினேன்: ‘காலை பதினொரு மணி. தூத்துக்குடி. வேலை நேரத்தில் பத்துப்பேர் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். இதுதான் நம் உற்பத்தித் திறன். இப்படி இருந்தால் வெங்காய விலை ஏறாமல் என்ன செய்யும்?’

விருப்பக்குறிகள் கொட்டின. கடல்ராசா மட்டும் கேட்டார்: ‘நல்ல படம். வேலை நேரத்தில் இதை எடுத்த நீங்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள்?’

தனிநபர் தாக்குதல் வேண்டாம் என்று கண்டித்துவிட்டு, வெற்றி வீரனாகக் கேட்டுக்குள் நுழைந்தேன்.

என் படம் எனக்கு முன்னாடியே உள்ளே போயிருந்தது. யாரோ அதை வேறொரு குழுவில் போட, அது துபாய்க்குப் போய், லோடுமேன்களின் தலைவர் சூசை அண்ணாச்சியின் மருமகன் கண்ணில் பட்டு, அவர் மாமனாருக்கே திருப்பி அனுப்பிவிட்டார். அண்ணாச்சி கண்ணாடியை மூக்கில் இறக்கி, போனைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அத்தான். அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

அப்போதுதான் லாரியில் இருந்த மூட்டைகளைக் கவனித்தேன். பல்லாரி.

“தம்பி, இது நீங்க போட்டதா?” என்றார் சூசை அண்ணாச்சி.

நான் தலையை ஆட்டினேன்.

“சும்மா உக்காந்திருக்கோம்னு எழுதியிருக்கியளாமே. நாங்க காலைல எட்டு மணிக்கு வந்தாச்சு. காயிதம் வந்தாத்தான மூட்டையத் தொட முடியும்? காயிதம் யாருட்ட இருக்கு?”

பையைத் திறந்து நீட்டினேன்.

“வெல ஏன் ஏறுதுன்னு கேட்டியளே. காயிதத்தப் பைக்குள்ள வச்சுக்கிட்டு கேட்டுக்கு வெளிய உக்காந்தா பல்லாரி அழுகும். அழுகுனா வெல ஏறத்தான் செய்யும்.”

இத்தனை மாதம் குழுவில் நாங்கள் நடத்திய விவாதத்தை அவர் இரண்டே வரியில் முடித்துவிட்டார். பத்துப்பேரும் சிரித்தார்கள். அத்தான் சிரிக்கவில்லை. “ஏலே, ஒன்ன நம்பித்தானல இதுல எறங்குனேன்” என்றார் மெதுவாக. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தக் குரலைக் கேட்டு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மணி பதினொன்றே முக்கால். இவ்வளவு மூட்டையையும் இரண்டு மணிக்குள் ஏற்ற முடியாது என்றே நினைத்தேன். தோணியின் கேப்டனை எங்கள் ஊரில் தண்டல் என்போம். அந்தத் தண்டலும் மேலே நின்று உதட்டைப் பிதுக்கினார். சூசை அண்ணாச்சி துண்டை உதறித் தலையில் கட்டினார். “சட்டையக் கழத்துங்க தம்பி. பதினோராவது ஆளு நீங்கதான்.”

கழற்றினேன். முதல் மூட்டையோடு தோணிக்கு ஏறும் பலகையில் பாதி தூரம் போவதற்குள் என் முழங்கால் தந்தியடித்தது. இரண்டாவதில் கண் இருட்டியது. மூன்றாவதை என் தலையில் வைத்தவரே, பார்க்கப் பாவமாக இருந்ததோ என்னவோ, திருப்பி வாங்கிக்கொண்டார். அதற்குள் மற்றவர்கள் ஆளுக்குப் பத்து மூட்டை ஏற்றியிருந்தார்கள். கடைசி மூட்டை ஏறும்போது மணி ஒன்று ஐம்பது. தோணி நகர்ந்தது. அத்தான் அங்கேயே தரையில் உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நான் பதிவை அழிக்கப் போனேன். சூசை அண்ணாச்சி விடவில்லை.

“அழிக்காதிய. கீழ நான் சொல்லுதத எழுதுங்க.”

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன்: ‘இவர்கள் சும்மா உட்காரவில்லை. எனக்காகக் காத்திருந்தார்கள். நான் டீக்கடையில் இருந்தேன்.’ என் வாழ்நாளில் நான் எழுதிய எதற்கும் அவ்வளவு விருப்பக்குறி விழுந்ததில்லை. கடல்ராசா கேள்வி எதுவும் கேட்காமல் ஒரு கும்பிடு மட்டும் போட்டார்.

மாலத்தீவுக்காரர் இன்றுவரை அத்தானிடம்தான் பல்லாரி வாங்குகிறார். ஆனால் காகிதத்தை அத்தானே வந்து வாங்கிக்கொண்டு போவார்.

இரண்டு வருடம் கழித்து என் கல்யாணத்துக்கு அந்தப் பத்துப்பேரும் வெள்ளை வேட்டி சட்டையில் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார்கள். படம் எடுக்க மேடைக்கு வரச் சொன்னார் போட்டோகிராபர். சூசை அண்ணாச்சி அசையவே இல்லை.

“நாங்க இங்கனயே சும்மா உக்காந்திருக்கோம். மாப்பிள்ளைக்கு அப்படி எடுத்தாத்தான் புடிக்கும்!”

மண்டபம் அதிர்ந்தது. அத்தான்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். மாலையும் கழுத்துமாக நின்ற என் மனைவி, என்ன விஷயம் என்று என் காதில் கேட்டாள். முகூர்த்தம் முடிந்து அரைமணி நேரம்கூட ஆகவில்லை. மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சேலையை லேசாகத் தூக்கிப் பிடித்தபடி மேடையை விட்டு இறங்கினாள். நேராகப் போய் சூசை அண்ணாச்சிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள்.

எங்கள் ஆல்பத்தின் முதல் படம் அதுதான். பதினோரு பேரும் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் மட்டும் பின்னால் நிற்கிறேன்.