ஒண்ணுமில்ல என்றால் ஆம்புலன்ஸ் வரும்

அன்பும் மதிப்பும் மிக்க அண்ணிக்கு,

உங்கள் தம்பி மனைவி எழுதுவது. நீங்களும் அண்ணனும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் நேற்றுப் போனில் "இனிமே நலம் கிலம்னு எதுவும் சொல்லாதே, உள்ளதைச் சொல்லு" என்று நீங்கள் சொல்லிவிட்டதால் உள்ளதை எழுதுகிறேன். மாமாவுக்கு இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு. மற்ற எலும்புகள் அதனதன் இடத்தில் இருக்கின்றன. சனிக்கிழமை நீங்கள் வண்டி எடுத்துக்கொண்டு வந்து அவரை அந்த முதியோர் இல்லத்தில் சேர்க்கப்போவதாக உங்கள் தம்பி சொன்னார். வேண்டாம் அண்ணி. உங்கள் அப்பாவை எங்களோடு இந்த வீட்டிலேயே விட்டுவிடுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். போனில் என்றால் நீங்கள் பேசுவீர்கள், நான் "சரிங்க அண்ணி" என்பேன். கடிதத்தில்தான் என்னால் ஒரு வாக்கியத்தை முடிக்க முடிகிறது.

எல்லாம் அத்தை போன பிறகு ஆரம்பித்தது. ஒரு நாள் செருப்பு மாட்டக் குனிந்தபோது மாமாவுக்குத் தலை சுற்றியது. நான்தான் படித்தவளாயிற்றே, உட்கார்ந்து இன்டர்நெட்டில் தேடிப் படித்துவிட்டேன். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் முதல் எதிரி கால்மிதி என்று போட்டிருந்தது. அன்றே வீட்டிலிருந்த கால்மிதி அத்தனையையும் சுருட்டிப் பரணில் போட்டேன். மாமா இருட்டில் கண்ணால் நடப்பதில்லை, பாதத்தால் நடக்கிறார் என்பது எனக்கு எப்படித் தெரியும்? மெத்தென்ற மிதி முடிந்தால் வலதுபக்கம் திரும்ப வேண்டும், சொரசொரப்பு வந்தால் பாத்ரூம் என்பது அவர் கணக்கு. மிதி இல்லாத தரையில் அவர் நேராக எங்கள் அறைக்குள் வந்து, உங்கள் தம்பியின் வயிற்றின்மேல் உட்கார்ந்துவிட்டார். "மன்னிச்சுக்கப்பா, பாத்ரூம்னு நெனச்சேன்" என்றார். நினைத்ததோடு நிறுத்தினாரே என்று உங்கள் தம்பி இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அடுத்தது பாத்ரூம் தாழ்ப்பாள். உள்ளே விழுந்தால் கதவை உடைக்க வேண்டிவரும் என்று அதைக் கழற்றினேன். அன்றிலிருந்து மாமா உள்ளே போனால் உரக்கப் பாட ஆரம்பித்தார், ஆளிருக்கிறது என்று தெரியவேண்டுமாம். அதற்கடுத்தது அடுப்பு. கேஸ் அடுப்பைத் திருகும் குமிழைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டுதான் ஆபீஸ் போவேன். ஒரு நாள் மீட்டிங்கில் பேனா என்று நினைத்து அதை எடுத்து மேஜைமேல் வைத்தேன், மேனேஜர் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். வேலைக்காலம் முழுக்க மில்லின் பாய்லரைக் கட்டி மேய்த்த மனிதர், வீட்டில் ஒரு டம்ளர் வெந்நீர் வைக்க வழியில்லாமல் உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் என்னிடம், "பாய்லருக்கே ஒரு வால்வு வெச்சிருப்போம்மா, பிரஷர் ஏறினா புஸ்ஸுன்னு விட. எனக்கு எங்கம்மா வெச்சிருக்கே?" என்றார். நான் பி.பி. மாத்திரையைக் கொடுத்தேன்.

அப்புறம்தான் அந்தப் பெட்டி வந்தது. சோப்புப் பெட்டி அளவுதான் இருக்கும். ஹால் சுவரில் ஒன்று, பாத்ரூம் வாசலில் ஒன்று. ஆபத்தில் இருப்பவர் ஒரு சொல்லைச் சொன்னால் போதும், அது கேட்டுக்கொண்டு எங்கள் போனுக்கு அடித்து, ஆம்புலன்ஸையும் கூப்பிட்டுவிடும். எந்தச் சொல் என்று நாம்தான் பழக்க வேண்டும். மாட்ட வந்தவர் டை கட்டிய நல்ல மனிதர். "சார், அவசரத்துல புது வார்த்தை ஞாபகம் வராது. வலிச்சாலோ விழுந்தாலோ உங்க வாயில தானா என்ன வருமோ, அதையே சொல்லுங்க" என்றார். மாமா யோசித்தார். "ஒண்ணுமில்ல" என்றார்.

"அப்படி இல்ல சார், ஏதாவது சொல்லுங்க."

"அதான் சொன்னேனே. ஒண்ணுமில்ல."

டைக்காரர் என்னைப் பார்த்தார். நான் என்ன சொல்வேன்? உண்மை அதுதானே. கதவில் விரல் நசுங்கி நகம் கறுத்துப்போனபோது, என்ன மாமா என்று ஓடினேன், ஒண்ணுமில்ல. அத்தையைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றவரிடம் ஏதாவது வேணுமா மாமா என்று கேட்டேன், ஒண்ணுமில்ல. உங்கள் அப்பா வாயிலிருந்து அந்தச் சொல் வந்தால் ஏதோ பெரிதாக நடந்திருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். ஆகவே அதையே திரும்பத் திரும்பச் சொல்லவைத்துப் பெட்டிக்குப் பழக்கிவிட்டுப் போனார். நானும் கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு என்று உங்களிடம் போனில் பெருமையடித்துக்கொண்டேன்.

வீட்டில் அந்தச் சொல்லை அவர் ஒருவர்தான் சொல்கிறார் என்று நினைத்தது என் புத்தி. அன்று சாயங்காலமே உங்கள் தம்பி "ஏன் மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?" என்று கேட்டார், நான் "ஒண்ணுமில்ல" என்றேன், ஆம்புலன்ஸ் வந்துவிட்டது. ஸ்ட்ரெச்சரோடு படியேறி வந்த டிரைவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "வீட்டுல லேடீஸ் ஒண்ணுமில்லன்னு சொன்னா ஆம்புலன்ஸ் வர்றது நியாயம்தான் சார்" என்றார். அவருக்கும் கல்யாணம் ஆகியிருக்கிறது. மறுநாள் மாடிவீட்டம்மா வந்து, "நேத்து ஏதோ சைரன் சத்தம் கேட்டுச்சே, என்ன விஷயம்?" என்றார். என்ன சொல்லக்கூடாதோ அதையே சொன்னேன் அண்ணி, புத்திக்கு முன்னால் வாய் போய்விட்டது. அதே டிரைவர். பிறகு நம் வாண்டு. இன்னும் மூன்று வயது ஆகவில்லை, அம்மா என்பதையே பாதி விழுங்குகிறவள், விளக்குச் சுழலும் வண்டியை வரவழைக்கும் வித்தையைக் கண்டுபிடித்துவிட்டாள். பெட்டிக்குக் கீழே நின்று "ஒண்ணுமிய்ய, ஒண்ணுமிய்ய" என்று சாதகம் செய்தாள். குழந்தைக்கு மழலை திருந்தினால் எந்தத் தாயும் பூரித்துப்போவாள். அவளுக்கு 'ல்ல' வந்த அன்று நான் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். டிரைவர் இந்தத் தடவை சிரிக்கவில்லை. "நாங்க இங்க நிக்கிற நேரத்துல வேற எங்கயோ ஒருத்தர் மூச்சுக்குத் திணறிட்டுக் கிடப்பாரும்மா" என்றார். மாமா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

பெட்டிக்கு வேறு சொல் பழக்க டைக்காரர் அடுத்த வாரம்தான் வருவாராம். அதுவரை இந்த வீட்டில் யாரும் அந்தச் சொல்லைச் சொல்லக்கூடாது என்று உத்தரவு போட்டேன். அதனால் உங்கள் தம்பி ஏன் மூஞ்சி ஒரு மாதிரி இருக்கிறது என்று கேட்டால் நான் காரணத்தைச் சொல்லவேண்டியதாயிற்று, கல்யாணமான நாளிலிருந்து சேர்த்துவைத்ததெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது, அதை இங்கே எழுதவில்லை. மாமாவிடமும் சொன்னேன். "நீங்களும்தான் மாமா. நிஜமாவே முடியலைன்னா மட்டும் சொல்லுங்க." "சரிம்மா" என்றார். மில்லில் ஆபத்துப் பலகை எழுதி மாட்டியவர் அல்லவா, உத்தரவு என்றால் உத்தரவு.

போன வியாழக்கிழமை மத்தியானம் நான் வாண்டை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தபோது பாத்ரூமில் குழாய் ஓடிக்கொண்டிருந்தது, பாட்டு இல்லை. கதவைத் தள்ளினேன். ஈரத்தரையில் கன்னத்தை வைத்து ஒருக்களித்துக் கிடந்தார். கை அடியில் மாட்டியிருந்தது. உதடு வெளுத்துப்போயிருந்தது. கண் மட்டும் திறந்திருந்தது.

"வந்துட்டியா" என்றார்.

"எப்ப மாமா விழுந்தீங்க?"

"நீ கிளம்பின கையோட."

"பெட்டி தலைமாட்டுலயே இருக்கே! ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!"

"சொல்லக்கூடாதுன்னு நீதானேம்மா சொன்னே?"

"முடியலைன்னா சொல்லச் சொன்னேனே மாமா!"

"முடியாமத்தான் இருந்தது. ஆனா என்னைவிட முடியாதவங்க எங்கயாவது இருப்பாங்கன்னு அந்த டிரைவர் தம்பி சொல்லிட்டுப் போனாரே."

தலைக்கு வந்தது மணிக்கட்டோடு போயிற்று என்றார் டாக்டர். நான் அவரைத் துடைத்து, போர்த்தி, வண்டியில் ஏற்றும்வரை அழவில்லை. வண்டியில் அழுதேன். மாமா நல்ல கையால் என் முதுகில் தட்டிக்கொண்டே வந்தார். அடிபட்டது யார் என்று தெரியாமல் ஆஸ்பத்திரியில் நர்ஸ் முதலில் என்னைத்தான் படுக்கச் சொன்னாள்.

ஆனால் அண்ணி, இப்போது எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டேன். பெட்டிகளைக் கழற்றியாயிற்று. லீவு போட்டு வீட்டிலேயே இருக்கிறேன். அவர் பாத்ரூம் போனால் நான் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்கிறேன். "மாமா, இருக்கீங்களா?" என்று விடாமல் கேட்கிறேன். "இருக்கேம்மா" என்கிறார். கொஞ்ச நேரம் கழித்து, "இன்னும் இருக்கேன்." அதற்கும் பிறகு, "போனா நானே சொல்றேன்." வாண்டு தொட்டிலில் கிடந்த காலத்தில் வாங்கிய கேமராவை அவர் கட்டிலுக்கு நேராக மாட்டியிருக்கிறேன். வாசல் படி வழுக்கும் என்பதால் பேப்பர் வாங்கக்கூட அவரைக் கீழே விடுவதில்லை. மத்தியானம் கண்ணயர்ந்தால் மார்பு ஏறி இறங்குகிறதா என்று குனிந்து பார்ப்பேன். ஒரு தடவை ஒரு கண்ணைத் திறந்து, "மூச்சுதான் விட்டுட்டிருக்கேன். போய் வேலையைப் பாரு" என்றார். இதைவிட ஒருத்தரை எப்படி அண்ணி பார்த்துக்கொள்வது? அந்த இல்லம் சுத்தமாக இருக்கும், வேளாவேளைக்குச் சாப்பாடு இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அங்கே அவர் "ஒண்ணுமில்ல" என்றால் ஒன்றுமில்லை என்றே எழுதிக்கொள்வார்கள். அதற்கு அர்த்தம் தெரிந்தவர்கள் நாம் மட்டும்தான். வண்டி வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உங்கள் அப்பாவை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

எல்லாரும் தூங்கிவிட்டார்கள், எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்ளுங்கள். அண்ணனுக்கு என் வணக்கத்தையும் பிள்ளைகளுக்கு என் முத்தத்தையும் சொல்லுங்கள். எங்களை வாழ்த்துங்கள். கோபம் தணிந்த பிறகு வாழ்த்தினாலும் சரிதான்.

பணிவுடன்,
உங்கள் தம்பி மனைவி

பி.கு.: மேலே எழுதியதில் வண்டி வேண்டாம் என்பது மட்டும்தான் இனிச் செல்லும், மற்றதை அடித்துவிடுங்கள். காலையில் நான் வாண்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த நேரத்தில் மாமா சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். கேமராவில் மடித்துவைத்த போர்வைதான் தெரிந்தது. உங்கள் தம்பி ஆஸ்பத்திரிப் பக்கம் ஓடினார், நான் ஈரக் குழந்தையோடு தெருமுனைவரை ஓடினேன். பிறகு இல்லத்திலிருந்து ஒரு அம்மா போன் செய்தார். "ஒரு பெரியவர் தனியா வந்திருக்கார், சனிக்கிழமை வர வேண்டியவராம், முன்னாடியே வந்துட்டேங்கிறார்" என்று போனை அவரிடம் கொடுத்தார்.

"மாமா! எப்படிப் போனீங்க?"

"பஸ்லதான்."

"இந்தக் கையோடவா? அந்தக் கூட்டத்துல யாராவது இடம் கொடுத்தாங்களா?"

"ஒரு பொண்ணு எழுந்துச்சு. வேண்டாம்னுட்டேன். நின்னுக்கிட்டே வந்தேம்மா."

அந்தக் குரலில் இருந்த தெம்பை இந்த வீட்டில் நான் கேட்டதே இல்லை அண்ணி. எனக்குத் தாங்கவில்லை. "நான் என்ன மாமா குறை வெச்சேன்?" என்று கேட்டேன்.

"குறையே வைக்கலையேம்மா" என்றார். "அதான்."

ஞாயிற்றுக்கிழமை வாண்டைப் பார்க்க வருகிறாராம். பஸ்ஸில்தான் வருவாராம். ஸ்டாப்பில் யாரும் வந்து நிற்கக்கூடாதாம்.