டாலர் நைனாவும் கப்பலேறாத தக்காளியும்

இந்தியாவின் அந்நியச் செலாவணிப் பஞ்சத்தைத் தனி ஆளாகத் தீர்த்துவிட முடியும் என்று நம்பியவர்கள் டெல்லியில்கூட யாரும் இருந்ததாகத் தெரியவில்லை. கும்மிடிப்பூண்டியில் ஒருவர் இருந்தார்.

பெற்றோர் வைத்த பெயர் ஏதாவது இருந்திருக்கும். எங்களுக்கு அவர் டாலர் நைனா. சென்னைத் துறைமுகத்தில் மூட்டை எண்ணும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். டாலரைக் கண்ணால் பார்த்ததில்லை. ஆனால் பூசணிக்காய்க்குக்கூட டாலரில்தான் விலை சொல்வார். நான் அப்போது அந்தப் பக்கத்தில் ஒரு வளர்ச்சி அலுவலகத்தில் குமாஸ்தா. காலையில் அவருடன் டீ குடித்துவிட்டுத்தான் ஆபீசுக்குப் போவேன்.

அமெரிக்காவிலிருந்து கோதுமை வந்து இறங்கிய காலம் அது. ரேஷனில் கிடைத்த கோதுமையை என்ன செய்வதென்று தெரியாமல் எங்கள் தெருவில் ரவையாக உடைத்து உப்புமா கிண்டினார்கள். ஆண்களின் முகத்தைப் பார்த்தே எந்த வீட்டில் இன்று கோதுமை என்று சொல்லிவிடலாம். நைனாவுக்கோ அது தன்மானப் பிரச்சினை.

"கப்பலு ரொம்பி வருது சார். போவசொல்லோ காலியா போவுது. அத்த நெனச்சா எனக்கு நாஷ்டாவே எறங்க மாட்டேங்குது" என்பார். சொல்லிக்கொண்டே இன்னொரு இட்லி கேட்பார்.

வேட்டிக்கு மேல் ஒரு காக்கிக் கோட்டு போட்டிருப்பார். அதன் பைகளில் எள், புளி, மிளகாய் வற்றல் எல்லாம் சாம்பிளாக இருக்கும். அவர் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் தும்மிக்கொண்டே டீ குடித்தார்கள். யாராவது வேர்க்கடலை கொறித்தால் போதும். "ஏம்பா, ஜப்பானுக்குப் போவ வேண்டிய சரக்க வாய்ல போட்டுக்கினு கீறியே" என்று ஆரம்பித்துவிடுவார்.

ஒரு கோடையில் லண்டனுக்கு நுங்கு அனுப்பத் தீர்மானித்தார். தகர டின்னில் அடைத்து, ஈயம் பற்றவைத்து, கப்பல் கிடைக்கும்வரை டீக்கடைப் பரணில் வைத்தார். ஒருநாள் டின் வெடித்தது. பாய்லர்தான் வெடித்துவிட்டது என்று நினைத்து டீக்கடைக்காரர் தண்டவாளம்வரை ஓடினார். நைனா தலையிலிருந்த நுங்கை எடுத்துப் போட்டுவிட்டு, "பாத்தியா, இன்னா ஃபோர்சு. இதுக்குத்தான் லண்டன்காரன் டப்பு தருவான்" என்றார்.

எழுபதுகளில் எங்கள் பக்கம் தொழிற்பேட்டை வந்தது. கூடவே ஜீப்பில் ஒரு வெளிநாட்டு வல்லுநரும் வந்தார். துறைமுக ஆங்கிலம் பேசியதால் நைனாதான் மொழிபெயர்ப்பாளர். விவசாயிகளுக்கு முக்கியமான தேவை என்ன என்று வல்லுநர் கேட்டார். கணவர் போன பிறகு தனியாகப் பயிர் செய்துவந்த ராஜம்மா முன்னால் வந்தார்.

"மோட்டாருக்கு கரண்டு வர மாட்டேங்குது. அத்த மொதல்ல சொல்லு நைனா."

நைனா ஆங்கிலத்தில், "நீங்கள் எதைச் சொன்னாலும் பயிரிடத் தயார் என்கிறார்கள்" என்றார். வல்லுநர் மனம் நெகிழ்ந்து ராஜம்மாவைப் பார்த்துச் சிரித்தார். தக்காளி போடச் சொன்னார். தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி ஆலை கட்டி, அத்தனை தக்காளியையும் சாறாக்கிக் கப்பலில் ஏற்றிவிடும் என்றார்.

"நெல்ல வுட்டுட்டா சோத்துக்கு இன்னா பண்றது?" என்றார் ராஜம்மா.

"டாலர் வந்தா சோறு தானா வரும்மா" என்றார் நைனா.

ஊரே தக்காளி போட்டது. கம்பெனியும் சொன்னபடி காம்பவுண்டு சுவர் கட்டியது, கேட்டு வைத்தது, கேட்டுக்கு ஒரு காவலாளியையும் வைத்தது. ஆலையை மட்டும் கட்டவில்லை. உலகச் சந்தை சரியில்லையாம். எங்கள் ஊர்ச் சந்தை அதுவரை சரியாகத்தான் இருந்தது. ஊரே ஒரே சமயத்தில் தக்காளி கொண்டுவந்து கொட்டியதில் மாடுகள்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டன. அடுத்த வருஷம் காளான் போட்டுப் பார்க்கலாம் என்றார் எங்கள் அதிகாரி.

ராஜம்மா ஒரு கூடைத் தக்காளியைத் தூக்கிக்கொண்டு நைனா வீட்டுக்குப் போனார். அதை அப்படியே அவர் தலையில் கவிழ்த்தார். நைனா துடைத்துக்கொள்ளவில்லை.

"எனக்கு கொஞ்சம் டயம் குடும்மா" என்றார்.

மறுநாள் வீடு பூட்டியிருந்தது. ஓடிவிட்டார் என்றார்கள். வார முடிவில் ஒரு லாரியில் வந்து இறங்கினார். லாரி நிறையப் பழைய மரப்பெட்டிகள். துறைமுகத்துச் சிநேகிதர்களிடம் கெஞ்சி வாங்கிவந்தவை. ஒவ்வொன்றின் மேலும் ஆங்கிலத்தில் கறுப்பாக, 'ஏற்றுமதிக்கு மட்டும்.'

ஆடி மாதம். பெரியபாளையத்தில் பவானி அம்மனுக்குக் கூட்டம் நெரியும். வந்தவர்கள் தோப்பிலேயே அடுப்பு மூட்டிச் சமைப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெட்டிகளில் தக்காளியை அடுக்கிக்கொண்டு ஊர் வண்டிகள் அத்தனையும் அங்கே போயின. பெட்டி இறக்க நானும் போனேன். நைனா வண்டிமேல் ஏறி நின்று கூவத் தொடங்கினார். விற்பதற்காக அல்ல.

"தள்ளிப்போ, தள்ளிப்போ. இது உங்களுக்கில்ல. கப்பலுக்குப் போற சரக்கு. கைய வெக்காத."

பக்கத்தில் ஒருவர் இதே தக்காளியைக் கூறு போட்டு வைத்துக்கொண்டு ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். அவரைத் தாண்டிக்கொண்டு கூட்டம் எங்கள் வண்டிக்கு வந்தது. மெட்ராசிலிருந்து வந்திருந்த ஓர் அம்மாள், "ஏன், வெள்ளைக்காரந்தான் நல்லதா சாப்பிடணுமா? எங்க நாக்கு மட்டமா?" என்று சண்டைக்கு வந்தார். நைனா வானத்தைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார்.

"அம்மன் சன்னதில கேக்குறீங்க. இல்லன்னு சொன்னா பாவம். ஒரே ஒரு கூடைதான்."

அவ்வளவுதான். மத்தியானத்துக்குள் பெட்டிகள் காலி. ஈ ஓட்டிக்கொண்டிருந்தவரும் காலிப் பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி அதில் தன் தக்காளியைப் போட்டுக்கொண்டார்.

வேப்பமரத்தடியில் ராஜம்மா இலையில் சோறு போட்டு நைனாவிடம் நீட்டினார். "துன்னு. காலைலேருந்து பட்டினியா நின்னுக்கினு கீற."

நைனா இலையைப் பார்த்தபடியே, கரகரத்த குரலில், "அன்னிக்கு நீ கரண்டு பத்தி சொன்னத நான் அந்த ஆள்கிட்ட சொல்லவே இல்லம்மா" என்றார்.

"தெரியும். கரண்டு கேட்டா எவன் அப்பிடி சிரிப்பான்? கொழம்பு ஊத்தட்டா?"

மறுநாள் காலை நைனா டீக்கடைக்கு வந்தார். நாளெல்லாம் கூவியதில் தொண்டை அடியோடு கட்டிப்போய், சைகை காட்டித்தான் டீ வாங்கினார். நாங்கள் வேர்க்கடலை கொறித்தோம். யாரும் எங்களைத் திட்டவில்லை. பேச்சில்லாத அந்தக் கடையில் எனக்கு டீயே பிடிக்கவில்லை. பாதியில் எழுந்துபோய் மருந்துக் கடையில் அவருக்குத் தொண்டை மாத்திரை வாங்கிவந்தேன்.