வானத்து இரும்புக்காரர்

வந்த விருந்தாளியைப் பட்டினியாக அனுப்பினாலும் அனுப்புவார்களே தவிர, வீட்டிலிருக்கும் அரும்பொருளைக் காட்டாமல் அனுப்பாத மனித இனம் ஒன்று இருக்கிறது. சிலரிடம் பழைய நாணயம் இருக்கும், சிலரிடம் ஓட்டை ஜாடி இருக்கும். எங்கள் மாடிவீட்டுக்காரரிடம் இருப்பது, வானத்திலிருந்து விழுந்த இரும்பில் செய்த கத்தி. தெருவில் அவருக்கு வானத்து இரும்புக்காரர் என்றே பெயர். அதில் அவருக்குப் பரம சந்தோஷம்.

அவர் வீட்டுக் குழாய் ஒழுகி உங்கள் கூரை நனைகிறது என்று முறையிடப் போயிருப்பீர்கள். அதனாலென்ன? உங்களை உட்காரவைத்து, மின்விசிறியை நிறுத்தி (காற்றில் ஈரம் இருக்கிறதாம்), கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, அலமாரியிலிருந்து பெட்டியை எடுத்து, பெட்டிக்குள் பட்டுத்துணி, பட்டுத்துணிக்குள் பருத்தித்துணி, அதற்குள் எண்ணெய்க் காகிதம் என்று ஒவ்வொன்றாகப் பிரித்து, கடைசியில் கறுத்து வளைந்த ஒரு சாண் இரும்பை உங்கள் உள்ளங்கையில் வைப்பார்.

"கனம் தெரியுதா?"

தெரியவில்லை என்று சொல்லிவிட்டு அந்த வீட்டை விட்டு வெளியே வர முடியுமா? நானும் "அடேங்கப்பா!" என்றேன்.

பிறகு சரித்திரம் ஆரம்பிக்கும். இரும்பை உருக்கி எடுக்க மனிதனுக்குத் தெரியாத காலத்தில், விண்கல்லாக விழுந்ததைத்தான் தட்டித் தட்டி ஆயுதம் செய்தார்களாம். ராஜாக்கள் இறந்தால் தங்கத்தோடு அதையும் வைத்துப் புதைத்தார்களாம். அதெல்லாம் உண்மைதான். ஆனால் போன வருடம் இரண்டாயிரம் வயதாக இருந்த கத்திக்கு இந்த வருடம் மூவாயிரம் ஆகிவிட்டது. நடுவில் எதையாவது விட்டுவிட்டால் சமையலறையிலிருந்து மனைவி குரல் கொடுப்பார்: "நெருப்பா எரிஞ்சுகிட்டே விழுந்ததைச் சொல்லலையே! சீக்கிரம் சொல்லி முடிங்க, பாவம், அவருக்கு வேலை இருக்கும்."

நம்பாதவர் ஒரே ஒருவர், அவருடைய தம்பி. அப்பா இதே கத்தியால் மூட்டைக் கயிறு அறுத்ததைக் கண்ணால் பார்த்தவர். "பட்டறை இரும்புண்ணா இது. வானத்துலேர்ந்து மழைதான் விழும்" என்று எல்லார் முன்னாலும் சிரிப்பார். அண்ணனுக்கு முகம் சுருங்கிவிடும்.

மனைவியின் தம்பிக்கு அருங்காட்சியகத்தில் உலோகங்களைச் சோதிக்கும் வேலை. "ஒரு நிமிஷ வேலை மாமா. நிக்கல் நிறைய இருந்தா வானத்து இரும்பு, இல்லேன்னா சாதா இரும்பு" என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். ஒருநாள் மேகமாக இருக்கும், ஒருநாள் மாமாவுக்குத் தலைவலியாக இருக்கும். பயம்தான். பொய்யென்று ஆகிவிட்டால் அப்புறம் விருந்தாளிகளிடம் எதைப் பேசுவது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை, குடும்பமே கூடியிருந்தபோது, அந்த நம்பாத தம்பி மடக்கினார். "பயமா இருந்தா விட்டுடுங்கண்ணா." அதற்கு மேல் எந்த அண்ணன் பொறுப்பான்? மைத்துனர் கொண்டுவந்திருந்த கையடக்க மெஷினை வைத்து, சாப்பாட்டு மேசையிலேயே சோதனை நடந்தது. குழாய் விஷயம் இன்னும் தீராததால் நானும் அங்கே இருந்தேன். வானத்து இரும்புக்காரர் கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

"மாமா, நிஜமாவே வானத்து இரும்புதான்!"

மனிதர் குழந்தை மாதிரி அழுதுவிட்டார். கூடம் முழுக்கக் கைதட்டல். அது ஓய்ந்ததும் தம்பி, சிரிப்பில்லாமல், மிகவும் மரியாதையாகக் கேட்டார்:

"அண்ணா, இது அப்பாவோட கத்திதானே? ஆறு மாசம் உங்க வீட்டுல இருக்கட்டும். ஆறு மாசம் என் வீட்டுல."

மறுநாளிலிருந்து வானத்து இரும்புக்காரரின் பேச்சே மாறிவிட்டது. "அந்த மெஷினே ஓட்டை. நிக்கல் எதுல இல்ல? எங்க வீட்டுக் கரண்டியிலகூட இருக்கு!" தம்பியோ தெருத்தெருவாக விண்கல் சரித்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். தம்பி வருகிறார் என்று தெரிந்த அன்று நான் மாடிக்குப் போனபோது, மூச்சுக்காற்றுகூடப் படவிடாத அந்தக் கத்தியால், சாதா இரும்புதான் என்று காட்டுவதற்காக, அவர் வெங்காயத்தை அறுத்துக்கொண்டிருந்தார். அறுபடவில்லை. நசுங்கியது.

தம்பி வாசலில் நின்று பார்த்தார். பிறகு கத்தியை வாங்கி, கழுவி, துடைத்து, எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஆறு மாதத்துக்காம்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் வந்தவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டுகிற ஏதோ ஒன்று உங்கள் அலமாரியிலும் இருக்கிறதல்லவா? இதைப் படிக்கும்போதே ஒருதரம் அந்தப் பக்கம் பார்த்திருப்பீர்களே? அதைக் கேலி செய்ய ஒரு தம்பியோ தங்கையோ இருந்தால், தாராளமாகக் கேலி செய்யட்டும். ஆத்திரப்பட்டு நிரூபித்து மட்டும் விடாதீர்கள்.