பாதி வேம்பு

'இரண்டும் வேணும்' இனத்தைச் சேர்ந்த மனிதரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். எண்பதுகளின் தில்லியில் இந்த இனம் குளிர்கால முள்ளங்கி மாதிரி அமோகமாக விளைந்தது. காட்டைக் காப்பதா, அணையைக் கட்டுவதா என்று கேளுங்கள். கண்ணாடியைக் கழற்றுவார், துடைப்பார். "வளர்ச்சியும் வேணும், சுற்றுச்சூழலும் வேணும். நம்மை மாதிரி ஏழை நாட்டுக்கு இரண்டும் வேணும்" என்பார். சரி ஐயா, அணை உண்டா, இல்லையா? அதற்குள் டீ வந்துவிடும்.

கிட்வாய் நகர் ஜோதிலிங்கம் இந்த இனத்தின் தலைச்சன் பிள்ளை. மத்திய அமைச்சகம் ஒன்றில் சுற்றுச்சூழல் அதிகாரி. நைரோபி மாநாட்டுக்குப் போய்வந்து, அங்கே கழுத்தில் மாட்டிவிட்ட பெயரட்டையை முருகன் படத்துக்குப் பக்கத்திலேயே தொங்கவிட்டு, வருகிறவர்கள் அதைப் பார்க்கிறார்களா என்று ஓரக்கண்ணால் கவனிப்பவர். குடியிருப்புச் சங்கத்துக்கும் அவர்தான் தலைவர்.

அவர் வீட்டுக்கு மேற்கே நின்ற வேப்பமரத்தைப் பற்றி அவரிடமே ஒரு வழக்கு வந்தது. மாடிவீட்டு வடிவேல் கொண்டுவந்தார்.

"அண்ணாச்சி, பேரைப் பதிஞ்சு வருஷக்கணக்கா காத்துக்கெடந்து வாங்குன ஸ்கூட்டர். சீட்டு பூரா காக்கா எச்சம். மரத்தை எடுத்துட்டா உங்க சுவரை ஒட்டி ஒரு ஷெட் போட்டுரலாம்."

அடுக்களையிலிருந்து அவர் மனைவி ராஜம் கரண்டியோடு வந்தாள். "ஏங்க, அந்த நிழல் போச்சுன்னா மேற்கு வெயில் அம்புட்டும் என் தலையிலதான். வெட்டக்கூடாதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

ஒரு வார்த்தையா? ஜோதிலிங்கமா? அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"ரெண்டும் வேணும்" என்றார்.

கூட்டம் கூடி, பக்கோடா தீர்ந்து, தீர்ப்பும் வந்தது. வீட்டுப் பக்கத்துக் கிளைகளையும் வேர்களையும் வெட்டி அங்கே ஷெட். மேற்கே பாதி மரம், அது ராஜத்துக்கு. எல்லோரும் கைதட்டினார்கள். ஜோதிலிங்கத்துக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது. அடுத்த மாநாட்டில் இதையே உதாரணமாகச் சொல்லலாமே!

ஜூனில் ஆந்தி வந்தது. ஊரையே புழுதியால் மூடும் அந்த மேற்குக் காற்றுக்கு முன்னால் பாதி வேரோடு நின்ற மரம் எத்தனை நேரம் தாங்கும்? மடமடவென்று ஷெட்டின் மேலேயே சாய்ந்தது. ஸ்கூட்டர் அப்பளம். நிழல் போன அடுக்களை அடுப்பு.

வடிவேல் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்க, ஜோதிலிங்கம் நிதானமாகச் சொன்னார்: "பாருங்க, நஷ்டத்துலயும் ஒரு சமநிலை இருக்கு."

ராஜம் அடுக்களைக்குள் போனாள். அன்று தட்டில் விழுந்த சோறு நறுக் நறுக்கென்று கடிபட்டது.

"என்ன ராஜம், பாதிதான் வெந்திருக்கு?"

"உங்களுக்குச் சோறும் வேணும், இந்த வெயில்ல எரியுற அடுப்பு முன்னால நிக்கிற எனக்கு உசுரும் வேணும்லா? ரெண்டும் வேணும். சாப்பிடுங்க."

சிரிக்கிறீர்களா? சரி, ஒன்று கேட்கிறேன். நீங்கள் ராஜம் பக்கமா, வடிவேல் பக்கமா?

அடடே, ஏன் கண்ணாடியைக் கழற்றுகிறீர்கள்?