சாவியைத் தர மாட்டேன், மாப்பிள்ளை

மரியாதைக்குரிய மாப்பிள்ளை, மாண்புமிகு சட்டமன்ற உறுப்பினர் அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொண்டது. இங்கு நானும் உங்கள் மாமியாரும் நலம், காரும் நலம். அங்கு தாங்களும் என் மகளும் பேத்தியும் நலமாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் விருப்பம். தாங்கள் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டதால், நலமா இல்லையா என்பதை மகளிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அவள் நேற்று போன் செய்து, "அப்பா, அவர் ரொம்ப மனசொடிஞ்சு போயிருக்கார். நீங்க பெரியவங்க, ஒரு வரி மன்னிப்புக் கேட்டு எழுதினா என்ன குறைஞ்சிடப் போகுது?" என்றாள். மகள் கேட்டு நான் எதையும் மறுத்ததில்லை. தங்களைத்தான் கட்டிக்கொள்வேன் என்று அவள் நின்றபோதுகூட மறுக்கவில்லை. ஆகவே உட்கார்ந்து எழுதுகிறேன். இந்தக் கடிதத்தில் மன்னிப்பு எந்த இடத்தில் வருகிறது என்பதைத் தாங்களே தேடிப் பார்த்துக்கொள்ளவும்.

முதலில் அந்தப் பேருந்து நிழற்குடை விஷயம். தாங்கள் திறந்து வைத்த அன்று, விழா முடிந்து எல்லோரும் கைதட்டிக் கலைந்துகொண்டிருந்தபோது நான் காரைப் பின்னால் எடுத்தேன். எடுத்தது உண்மை. ஆனால் எத்தனையோ வருடமாகக் காலியாகக் கிடந்த இடத்தில் அன்று காலை திடீரென்று ஒரு நிழற்குடை நின்றால், அந்த இடத்தை நம்பிப் பின்னால் வருகிறவன் என்ன செய்வான்? தூண் சாயவில்லை, கூரை விழவில்லை. கல்வெட்டு மட்டும் இரண்டாகப் பிளந்தது. அதிலும் "பொதுமக்கள் பயன்பாட்டிற்காக" என்ற பாதி அப்படியே சுவரில் நின்றது, தங்கள் பெயர் இருந்த பாதி மட்டும் கீழே விழுந்தது. இதில் என் கை எதுவும் இல்லை. கல் எங்கே பலவீனமாக இருந்ததோ அங்கே உடைந்திருக்கிறது. அன்றே தங்களிடம், "போகட்டும் மாப்பிள்ளை, புதுக் கல்லு வெச்சுக்கலாம்" என்று சமாதானமாகத்தானே சொன்னேன்? தாங்களும் பத்திரிகைக்காரர்கள் பார்க்கிறார்கள் என்பதற்காகச் சிரித்துக்கொண்டுதானே நின்றீர்கள்? அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஒரு மசோதா உருவாகிக்கொண்டிருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்?

சட்டமன்றம் கூடிய முதல் வாரம் நான் முடி வெட்டும் கடையில் உட்கார்ந்திருந்தேன். கன்னத்தில் ஒரு பக்கம் சோப்பு நுரை, மறுபக்கம் சவரம் முடிந்திருந்தது. சுவரில் இருந்த டிவியில் சபை நேரலை ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்கு வரிசையாக மசோதாக்களை அறிமுகம் செய்தார்கள். ஆழ்துளைக் கிணறுகளை மூடுவதற்கு ஒன்று, கடைப் பலகைகளின் அளவுக்கு ஒன்று, உறுப்பினர்களின் படிகளை உயர்த்த ஒன்று. இந்தக் கடைசி மசோதாவைப் பற்றி யாருக்கும் ஒரு சந்தேகமும் வரவில்லை, நான் தும்மி முடிப்பதற்குள் நிறைவேறிவிட்டது. அதன் பிறகு தாங்கள் எழுந்தீர்கள். "நம்ம வீட்டு மாப்பிள்ளை" என்று நான் கடையில் இருந்த அத்தனை பேருக்கும் காட்டினேன். வாலியூமைக் கூட்டச் சொன்னதும் நான்தான். தாங்கள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "மூத்த ஓட்டுநர்கள் மறுதேர்வு மசோதாவை அறிமுகம் செய்ய அனுமதி கோருகிறேன்" என்றீர்கள். எழுபது வயதைத் தாண்டியவர்கள் வருடாவருடம் மறுபடியும் ஓட்டிக் காட்ட வேண்டும், தவறினால் உரிமம் பறிக்கப்படும். அதோடு விட்டீர்களா? "எனக்கு மிக நெருக்கமான ஒரு பெரியவர், பச்சை நிறக் கார் ஒன்றை வைத்துக்கொண்டு, பொதுச் சொத்துக்களைத் தேடிச் சென்று மோதி வருகிறார்" என்றீர்கள். சபையே சிரித்தது. சபாநாயகர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "ஆதரிப்போர் ஆம் என்க" என்றார். முகம் தெரியாத அத்தனை பேரும் என்னைப் பார்த்து "ஆம்" என்றார்கள்.

முடி வெட்டுபவர் கத்தியை அந்தரத்தில் பிடித்தபடி, "சார், உங்க காரும் பச்சைதானே?" என்று கேட்டார். பெஞ்சில் காத்திருந்தவர்கள் செய்தித்தாளைக் கீழே இறக்கிவிட்டு என்னையே பார்த்தார்கள். நான் எழுந்து, பாதிச் சவரத்தோடு, கழுத்தில் சுற்றிய துணியோடு வெளியே வந்து, அவர்கள் எல்லோரும் பார்க்கும்படி அந்தப் பச்சைக் காரில் ஏறி, ஒன்றிலும் மோதாமல் வீடு வந்து சேர்ந்தேன்.

மாப்பிள்ளை, நான் தீயணைப்பு வண்டி ஓட்டியவன். நான் மணியடித்துக்கொண்டு வந்தால் மந்திரி காரே ஓரங்கட்டி நிற்கும். எரிகிற பஞ்சாலைக்குள் வண்டியைப் பின்பக்கமாகவே ஓட்டிக்கொண்டு போய் ஆட்களை ஏற்றி வந்திருக்கிறேன். அன்றைக்கு யாரும் என் வயதைக் கேட்கவில்லை. இதையெல்லாம் பெருமைக்காகச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். சரி, பெருமைக்காகவும்தான். ஆனால் அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. உங்கள் மாமியாருக்கு முழங்கால் போய்விட்டது. பஸ் படியில் ஒரு காலை வைத்தால் மறு காலை யாராவது தூக்கி வைக்க வேண்டும். வாரம் இரண்டு முறை அவளை ஆஸ்பத்திரிக்குப் பயிற்சிக்குக் கூட்டிப் போகிறேன். வரும் வழியில் ஏரிக்கரையில் காரை நிறுத்திக் கண்ணாடியை இறக்கிவிடுவேன். அவள் தண்ணீரைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள், நான் அவளைப் பார்க்காத மாதிரி உட்கார்ந்திருப்பேன். இவ்வளவுதான் எங்கள் ஊர்சுற்றல். அந்தச் சாவியைப் பிடுங்கினால், ஆயுள் முழுக்கப் பிரசவ வார்டில் நர்ஸாக ஓடிக்கொண்டே இருந்த ஒரு மனுஷி ஜன்னலோரமே கதியென்று உட்கார வேண்டியதுதான். இதை மகளிடம் சொன்னேன். "அப்பா, அவர் பொதுவாத்தான் சொன்னார்" என்றாள். "பொதுவா சொன்னவருக்கு என் காரோட கலர் எதுக்கும்மா?" என்றேன். "உன்னையே அவருக்குக் கொடுத்தேன். சாவியைக் கொடுக்க மாட்டேன்னு போய்ச் சொல்லு."

மசோதாவை ஆராயச் சபையின் தேர்வுக் குழுவுக்கு அனுப்பியிருப்பதாகவும், பொதுமக்கள் நேரில் வந்து கருத்துச் சொல்லலாம் என்றும் பேப்பரில் போட்டிருந்தார்கள். நானும் பொதுமக்கள்தானே! கிளம்பிவிட்டேன். உங்கள் மாமியார், "தனியா விட்டா நீங்க குழுவையே இடிச்சுட்டு வருவீங்க" என்று சொல்லிக்கொண்டே முன் சீட்டில் ஏறினாள். வழி நெடுக அவள் பக்கத்தில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தாள். தலைநகர் வரை ஒரு கீறல் விழவில்லை என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். சபை வளாகத்தின் வாசலில்தான் வினை வந்தது. குறுக்கே ஒரு நாய் ஓடியது, ஹாரன் அடித்தேன், அமுங்கிய ஹாரன் எழவில்லை. குத்திப் பார்த்தேன், தட்டிப் பார்த்தேன், உங்கள் மாமியார் செருப்பைக் கழற்றி ஓர் அடி அடித்தும் பார்த்தாள். பேய் பிடித்த மாதிரி அலறிக்கொண்டே இருந்தது. கருத்துச் சொல்ல வந்து மர நிழலில் நின்றிருந்த பெரியவர்கள் இதைப் போராட்டத்துக்கான அழைப்பு என்று எடுத்துக்கொண்டார்கள். கைத்தடி ஊன்றிய ஒருவர் என் காருக்கு முன்னால் வந்து நின்று "பறிக்காதே, பறிக்காதே!" என்று குரல் கொடுக்க, மற்றவர்கள் "சாவியைப் பறிக்காதே!" என்று முழங்க, காவலர் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"ஐயா, ஊர்வலத்துக்கு அனுமதி வாங்கினீங்களா?"

"ஊர்வலம் இல்லப்பா, ஹாரன்!"

"தலைவர் யாரு?"

எல்லோரும் என்னைக் காட்டினார்கள். பிறகு காவலரே பானெட்டைத் திறந்து ஒயரைப் பிடுங்கினார். அதற்குள் கேமராக்கள் வந்துவிட்டன. "மாமனார் தலைமையில் முற்றுகை" என்று மாலைப் பேப்பரில் வந்ததாகத் தாங்கள் மகளிடம் குமுறினீர்களாமே. நான் யாரையும் முற்றுகையிடவில்லை. அதே சமயம், கலைந்து போங்கள் என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை.

உள்ளே குழுத் தலைவர் அம்மாள் நடுவில் உட்கார்ந்திருந்தார்கள், பக்கத்தில் தாங்கள். என்னைப் பார்த்ததும் தாங்கள் கையில் இருந்த மசோதாவை அவ்வளவு ஆழமாகப் படிக்க ஆரம்பித்தீர்கள், அறிமுகம் செய்வதற்கு முன்பு அப்படிப் படித்திருந்தால் இந்தத் தொல்லையே வந்திருக்காது. "உங்களுக்கும் உறுப்பினருக்கும் ஏதாவது உறவு உண்டா?" என்று தலைவர் அம்மாள் கேட்டார்கள். "போன மாசம் வரைக்கும் மாமனாரா இருந்தேன்" என்றேன். கண் நிபுணர் என்று ஒருவர் இருந்தார். எதிர் மேஜையில் இருந்த பெயர்ப் பலகையைக் காட்டி வாசிக்கச் சொன்னார். அது தங்கள் பெயர். "நல்லாவே தெரியுது டாக்டர். வாசிக்க விருப்பமில்லை" என்றேன். அவர் அதைப் பார்வைக் குறைபாடு என்று எழுதப் போனார், தலைவர் அம்மாள்தான் தடுத்தார்கள். நான் பஞ்சாலைத் தீயைப் பற்றி ஆரம்பித்து, ஏணியை விரித்து, முதல் ஆளைக் கீழே இறக்குவதற்குள் நேரம் முடிந்துவிட்டது என்று மணியடித்தார்கள். வாழ்நாளெல்லாம் நான் மணியடித்து ஊரை ஒதுங்க வைத்தேன், அன்றைக்கு எனக்கே மணியடித்து உட்கார வைத்தார்கள். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். இதை யாரிடமும் சொல்ல வேண்டாம்.

அப்போதுதான் உங்கள் மாமியார் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "நான் ஒரு வார்த்தை சொல்லலாமாம்மா?"

"சொல்லுங்க."

"கல்யாணம் ஆனதுலேருந்து இவருக்குப் பக்கத்து சீட்டுல உக்காந்திருக்கேன். வயசானதால இவர் மோசமா ஓட்டுறார்னு எங்க மாப்பிள்ளை சொல்றது அபாண்டம். இவர் இருபத்தஞ்சு வயசுலயும் இப்படித்தான் ஓட்டினார்."

மண்டபம் சிரித்தது. நான் காலுக்குக் கீழே தரை எங்கேயாவது திறக்கிறதா என்று பார்த்தேன். அவள் சிரிக்கவில்லை.

"சிரிக்காதீங்க. வயசுல என்ன இருக்கு? சோதனை வைக்கணும்னா எல்லாருக்கும் வைங்க. எங்க மாப்பிள்ளைக்கு நாப்பது வயசு. ஒரு கையில போன், ஒரு கையில ஸ்டியரிங். பின் சீட்டுல என் பேத்தி. நான் எத்தனையோ குழந்தைங்களை இந்தக் கையால வெளியே எடுத்திருக்கேன். அதுல ஒண்ணுதான் அவளும். எனக்கு ராத்திரி தூக்கம் வராதது இவர் ஓட்டுறதால இல்ல."

தாங்கள் தலை நிமிரவே இல்லை. தலைவர் அம்மாள் பென்சிலை எடுத்து, மசோதாவில் "எழுபது வயதைக் கடந்த" என்ற வார்த்தைகளை அடித்தார்கள். "எல்லா ஓட்டுநர்களும்" என்று எழுதி, ஒரு நிமிடம் யோசித்து, "சட்டமன்ற உறுப்பினர்கள் முதலாவதாக" என்றும் சேர்த்தார்கள்.

திரும்பும்போது பாதி வழி வரை அவள் சொன்னதையே நினைத்துக்கொண்டு வந்தேன். கடைசியில், "இருபத்தஞ்சு வயசுலயுமா?" என்றேன். "ஆமா" என்றாள். "பயமா இருந்துச்சா?" "பயந்திருந்தா இத்தனை வருஷம் முன் சீட்டுலயா உக்காந்திருப்பேன்? ரோட்டைப் பாருங்க" என்றாள். ரோட்டைப் பார்த்தேன். அன்றைக்கு ஓட்டியது போல நான் என்றைக்குமே ஓட்டியதில்லை.

மீதிக் கதை தங்களுக்கே தெரியும். திருத்திய மசோதா சபைக்கு வந்த அன்று, உறுப்பினர்களும் ஓட்டிக் காட்ட வேண்டும் என்று தெரிந்ததும், ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் பகையை மறந்து ஒரே குரலில் இருமியதை நான் டிவியில் பார்த்தேன். கூட்டத்தொடர் முடிவதற்குள் தாங்களே எழுந்து மசோதாவைத் திரும்பப் பெற்றீர்கள். சபாநாயகர் "ஆதரிப்போர் ஆம் என்க" என்றார். அந்த "ஆம்" முதலில் சொன்ன "ஆம்" என்பதைவிடப் பலமாக இருந்தது. இதற்காக நான் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம்! மன்னிப்பா? நான் எந்த ஊர்ச் சட்டத்தை மீறினேன்? இன்னொரு முறை இந்த மசோதா வந்தால் இன்னொரு முறை வருவேன். ஹாரனைப் பழுது பார்த்து வைத்திருக்கிறேன், மறுபடியும் சிக்கிக்கொள்ளாது என்று யாரும் உத்தரவாதம் கொடுக்கவில்லை. முதியவர்களின் சாவியில் கை வைக்க எந்தச் சபைக்கும் உரிமை கிடையாது என்பதில் நான் மலை போல நிற்கிறேன். என் கடைசி மூச்சு வரை நிற்பேன். இதைச் சபைக் குறிப்பிலேயே ஏற்றிக்கொள்ளலாம்.

தாங்கள் மேலும் பல பதவிகளும் புகழும் பெற்று, இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கைப் பிடித்து, குடும்பத்தோடு நீடூழி வாழ எங்கள் இருவரின் ஆசிகள். பேத்திக்கு என் முத்தம். மகளிடம், அப்பா அவள் சொன்னபடியே எழுதிவிட்டார் என்று சொல்லவும்.

இப்படிக்கு,
தோற்காத தங்கள் மாமனார்

பின்குறிப்பு: மேற்படி கடிதத்தை ஒட்டிக்கொண்டிருக்கும்போது தங்கள் தகப்பனார், அதாவது என் சம்பந்தி, போன் செய்தார். மசோதா ஒழிந்த சந்தோஷத்தில் புதுக் கார் வாங்கிவிட்டாராம். அவர் இதுவரை சைக்கிளைத் தவிர வேறெதையும் ஓட்டியதில்லை என்பதும், அவர் வைத்திருக்கும் ஓட்டுநர் உரிமம் அடையாள அட்டைக்காக எப்போதோ எடுத்தது என்பதும் நமக்குள் இருக்கட்டும். "பிரேக் எதுன்னு இன்னும் கொஞ்சம் குழப்பமா இருக்கு சம்பந்தி, போகப் போகப் பழகிடும்" என்றார். வெற்றியைக் கொண்டாட வெள்ளிக்கிழமை எங்கள் இருவரையும் ஏற்றிக்கொண்டு ஏரியைச் சுற்றிக் காட்டப் போகிறாராம். சம்பந்தியிடம் எப்படி மறுப்பது? உங்கள் மாமியாரோ, "முன் சீட்டுல நீங்களே உக்காருங்க, எனக்கு வேண்டாம்" என்று இப்போதே சொல்லிவிட்டாள். ஆகவே மாப்பிள்ளை, மேலே எழுதியது அனைத்தையும் எழுதாததாகக் கருதவும். தங்கள் மசோதா நல்ல மசோதா, தொலைநோக்குள்ள மசோதா. மன்னித்துவிடுங்கள். எழுபது என்பதை மட்டும் எழுபத்தைந்து என்று மாற்றிக்கொள்ளவும். எனக்கு எழுபத்து மூன்று, உங்கள் அப்பாவுக்கு எழுபத்தாறு. சபை மறுபடி கூடும்வரை காத்திருக்க நேரமில்லை. அவசரச் சட்டம் என்று ஒன்று உண்டாமே, அதை வியாழக்கிழமைக்குள் போட முடியுமா?