முன்னூற்றுப் பன்னிரண்டு சும்மாக்கள்

உலகில் வீணாகும் நேரத்தை எல்லாம் ஒரே கையெழுத்தில் மீட்டுவிடலாம் என்று கண்டுபிடித்த பெருமை, ரயில்வே கேட் நவீனமயமாக்கல் உயர்மட்டக் குழுவையே சாரும். பதினோரு பேர். பதினோரு மாதமாகக் கூடி, "அடுத்த கூட்டம் எப்போது?" என்ற கேள்விக்கு மட்டும் ஒருமனதாக விடை கண்டவர்கள்.

அவர்களுக்கு வாய்த்த புரோகிராமர் ஒரு பெண். கேட்டை இயக்கிய பழைய சிப் இப்போது கடையில் கிடைப்பதில்லை. புதிய சிப் வந்திருந்தது. பழைய புரோகிராமோ அசெம்ப்ளியில் எழுதியது. அசெம்ப்ளி என்பது அந்தந்தச் சிப்பின் தாய்மொழி. ஒன்றின் பேச்சு இன்னொன்றுக்குச் செவிடன் காதில் ஊதிய சங்கு. அதனால் வரி வரியாகப் புதிய சிப்பின் மொழிக்கு மாற்ற வேண்டும். மாற்றிக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றாள். முன்னூற்றுப் பன்னிரண்டு வரிகள். எல்லாவற்றிலும் ஒரே கட்டளை: எதுவும் செய்யாதே.

எழுதிய புண்ணியவான் கெட்டிக்காரர். மணி அடித்ததும் பழைய சிப் அந்த வரிகளை ஆடி அசைந்து திரும்பத் திரும்பப் படிக்கும். அதற்குள் இருபது விநாடி ஓடிவிடும். தண்டவாளத்தைக் கடந்துகொண்டிருப்பவர்கள் வெளியே வந்துவிடுவார்கள். பிறகுதான் தடுப்புக் கட்டை இறங்கும். அந்த வழியாகத்தான் அவளுடைய அப்பா, முட்டிவலிக் காலை இழுத்துக்கொண்டு, தினமும் பேப்பர் வாங்கப் போகிறார். அவர் கடக்கப் பதினெட்டு விநாடி ஆகும்.

குழுவின் முன் போய் நின்றாள். அறையில் ஏசி, பிஸ்கட், பதினோரு "நிபுணர்கள்".

"முன்னூத்திப் பன்னெண்டு வரி சும்மா இருக்கா?" தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இத்தனை வருஷமா யாரும் கேக்கவே இல்லையா?"

"சும்மா இல்ல சார், காத்திட்டிருக்கு. புது சிப் நூறு மடங்கு வேகம். கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள இதெல்லாம் படிச்சு முடிச்சிடும். அதனால நூறு மடங்கு அதிகமா சும்மா இருக்க வைக்கணும்."

"நூறு மடங்கா! கேட்டீங்களா?"

மூலையிலிருந்த உறுப்பினர் ஒருவர் விழித்துக்கொண்டு கேட்டார். "ஏம்மா, ஒரு வேலையும் செய்யாம இடத்த அடச்சிட்டு உக்காந்திருக்கறத எப்படிம்மா அனுமதிக்க முடியும்?"

"எங்கப்பா தினமும் அந்த வழியாத்தான் சார் நடக்கறார்."

"வீட்டு விஷயத்த ஆபீசுக்குக் கொண்டு வராதீங்க."

தீர்மானம் நிறைவேறியது: 'செயல்படாத வரிகள் உடனடியாகப் பணிநீக்கம் செய்யப்படுகின்றன.' அவள் எதிர்ப்பை எழுதிக் கொடுத்தாள். 'பார்வையிடப்பட்டது' என்று அதன் தலையில் முத்திரை விழுந்தது. நீக்க அவளுக்குக் கை வரவில்லை. பக்கத்து மேசைக்காரர் ஒரே விசையில் நீக்கி, பாராட்டுக் கடிதமும் வாங்கிக்கொண்டார்.

"அப்பா, இனிமே அந்தக் கேட் பக்கம் போகாதீங்க."

"அட போம்மா. உங்க ஆபீஸ் கேட்டுதானே? நீ அங்க இருக்கும்போது எனக்கென்ன பயம்?"



புதிய சிப் பொருத்திய மூன்றாம் நாள், மணி அடித்த நொடியிலேயே கட்டையும் அப்பாவின் மேல் இறங்கியது. அவருடைய தோள்பட்டை எலும்பு இரண்டாயிற்று. ஓடிவந்த கேட்கீப்பர் இழுத்துப் போட்டதால் உயிர் மிஞ்சியது.

விசாரணை நடத்தும் பொறுப்பை, அனுபவம் கருதி, அதே உயர்மட்டக் குழுவிடமே ஒப்படைத்தார்கள். அறிக்கை இம்முறை இரண்டே நாளில் வந்தது:

'சிப்பில் குறையில்லை. கேட் முன்னைவிட இருபது விநாடி சீக்கிரமாக இயங்கியுள்ளது, இது சாதனை. பாதசாரி மட்டும் பழைய சிப்பின் வேகத்திலேயே நடந்திருக்கிறார். அவர் உரிய காலத்தில் புதிய சிப்புக்கு மாற்றப்படாததே விபத்துக்குக் காரணம்.'

கூடவே அவளுக்கு ஒரு மெமோ. 'ஆபத்து தெரிந்திருந்தும் சும்மா இருந்தது ஏன்? இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் விளக்கம் தரவும்.'

ஆஸ்பத்திரிக் கட்டிலின் ஓரத்தில், அப்பாவின் மாவுக்கட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கம் எழுதினாள். முத்திரை விழுந்த எதிர்ப்புக் கடிதத்தின் நகலையும் இணைத்தாள்.

'ஐயா, அந்த முன்னூற்றுப் பன்னிரண்டு வரிகளும் சும்மா இருந்தே என் அப்பாவைத் தினமும் பத்திரமாக வீடு சேர்த்தன. அவற்றைக் கண்டுபிடித்து நீக்கிய தங்கள் குழு, எண்ணிக்கையில் ஒரு சிறு பிழை செய்துவிட்டது. மேசையைச் சுற்றி இன்னும் பதினொன்று பாக்கி இருக்கின்றன.'