திகதி இல்லாத புளிச்சோறு

மாத்தளை,
திங்கட்கிழமை தொடங்கியது.

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை ரமணன் அவர்களுக்கு,

மாத்தளையிலிருந்து உங்கள் மாமா அழகர்சாமி தன் சொந்தக் கையால் எழுதுவது. இங்கே நானும் கோழிகளும் சுகம். நாவுலவில் நீங்களும், என் மகள் மேனகாவும், அங்கே வந்து தங்கியிருக்கும் என் வீட்டுக்காரி, உங்கள் அத்தை கிருஷ்ணம்மாவும் சுகமாக இருக்க முத்துமாரியம்மன் துணை. உங்கள் வெங்காயம் மழையில் அழுகாமல் தப்பியதா என்று அறிய ஆவல்.

என் கையெழுத்தை நீங்கள் இப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறீர்கள். கோயில் மண்டபத்தில் சிவரூபினி டீச்சர் பெரியவர்களுக்கு நடத்தும் வகுப்பில் படித்தேன். எழுத்துகள் பெரிதாக இருப்பது கண் தெரியாததால் அல்ல. இவ்வளவு காலம் கழித்துக் கிடைத்ததைச் சின்னதாக எழுத மனம் வரவில்லை. ஒரு பக்கம் எழுதி முடிக்க ஒரு பொழுது ஆகிறது. எழுதியதைத் திரும்ப வாசித்துப் பார்க்க இன்னொரு பொழுது ஆகிறது. இரண்டும் நன்றாக இருக்கின்றன.

விசயத்துக்கு வருகிறேன். உங்கள் அத்தை கோபித்துக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். நான் போன் எடுத்தால் மேனகாவிடம் கொடுத்துவிட்டு எழுந்து போய்விடுகிறாள். கடிதமென்றால் அப்படி எழுந்து போக முடியாது. அவள் கீரை ஆயும்போது பக்கத்தில் உட்கார்ந்து வாசியுங்கள். அவளுக்கு எழுத்துத் தெரியாது என்பது நீங்கள் அறிந்ததே. ஆகவே எதை உரக்க வாசிக்க வேண்டும், எதை வாசிக்கக் கூடாது என்று அந்தந்த இடத்தில் குறித்திருக்கிறேன். நல்ல பாக்கெட்டுகளில் எல்லாம் இப்படித்தான் செய்முறை எழுதியிருக்கிறார்கள்.

உரக்க வாசிக்கவும்:

என் நண்பர்கள் இருவரில் ஸெய்னுலாப்தீன் முன்பு றத்தோட்டைப் பஸ் ஓட்டியவர். ஜுனைதீன் தையற்காரர். நான் மசாலாக் கடைகளில் மூட்டை தூக்கியவன். டாக்டர் ஜுனைதீனை நடக்கச் சொன்னார், அவர் தனியாக நடக்க வெட்கப்பட்டார், அதனால் மூன்று பேரும் மலை மலையாக நடக்கத் தொடங்கினோம். ஜுனைதீன் தன் கையாலேயே மூன்று முதுகுப்பைகள் தைத்தார். அதில் ஒன்றை நான் மாட்டிக்கொண்டு நின்றபோது, "காலமெல்லாம் கூலிக்கு மூட்ட தூக்கினீங்க, இப்ப சும்மா தூக்குறீங்களா" என்று உங்கள் அத்தை கேட்டாள். நான் அதைக் கோபமாக எடுத்துக்கொள்ளவில்லை. இதுவரை காலையில் போய் மாலையில் திரும்பும் நடைதான். அவள் வாழையிலையில் கட்டிக் கொடுக்கும் புளிச்சோறு மூன்று பேருக்கும் போதுமாக இருந்தது. இந்த முறை றிவஸ்டன் மலைப் பக்கம் போய், கூடாரத்தில் தங்கி, மறுநாளும் நடந்துவிட்டு வருவது என்று முடிவானது. அதற்குக் கெட்டுப்போகாத சாப்பாடு வேண்டும், மலிவாக இருக்க வேண்டும், முதுகுக்கும் பாரமாக இருக்கக் கூடாது. அவர்கள் இருவருக்கும் என்னைவிட வேகமாக வாசிக்கத் தெரியும். ஆனால் பாக்கெட்டின் பின்பக்கத்தை முழுவதும் வாசிக்கும் பொறுமை எனக்குத்தான் இருக்கிறது என்று சாப்பாட்டுப் பொறுப்பை என்னிடம் கொடுத்தார்கள். எனக்கு வாழ்நாளில் கிடைத்த முதல் பதவி.

இப்ஹாமின் கடைக்குப் போய் ஒவ்வொரு பாக்கெட்டாக வாசித்தேன். முதல் நாள் இப்ஹாம் எனக்கு உட்கார ஒரு ஸ்டூல் போட்டார். இரண்டாம் நாள் அதை எடுத்துவிட்டார். நின்றுகொண்டே வாசித்தேன். அப்போதுதான் ஒரு பெரிய உண்மை தெரிந்தது. முடியும் நாள் கிட்டிய சாமானை வாசலில் கூடையில் போட்டுப் பாதி விலைக்குக் கொடுக்கிறார்கள். நாள் தள்ளி இருக்கும் சாமான் முழு விலை. மலிவானது நிற்காது, நிற்பது மலிவாக இல்லை. இரண்டும் சேர்ந்து கிடைத்தது சோயா மீட் என்ற உலர்ந்த சோயாத் துண்டுகளில்தான். காய்ந்த சருகு போல் இலேசு, விலை குறைவு, திகதி அடுத்த வருசம். பருப்பும் மலிவுதான், ஆனால் மலையில் ஈர விறகில் வேகாது என்று ஸெய்னுலாப்தீன் சொல்லிவிட்டார். டின் மீன் நெடுநாள் நிற்கும், ஆனால் பாரம், அதோடு நாங்கள் கிளம்பும் நாள் வெள்ளிக்கிழமை, எனக்கு மச்ச மாமிசம் ஆகாது. ஆகவே சோயா மீட், நூடுல்ஸ், கிறீம் கிறாக்கர் பிஸ்கட், பேரீச்சம்பழம், உப்பு என்று வாங்கினேன். சோயா மீட்டில் கோழிச் சுவை என்று எழுதியிருந்தது. வெள்ளிக்கிழமை அதை நான் சாப்பிடலாமா என்று, என்னை அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடும் ஸெய்னுலாப்தீனிடம் கேட்டேன். "சாப்பிடலாம் நானா, இது கோழிக்கே தெரியாத கோழி" என்றார். ஜுனைதீன் மட்டும் அந்த இல்லாத கோழியை அறுத்தது யார் என்று விசாரித்துவிட்டுச் சம்மதித்தார்.

இந்தப் பதவியில் இருந்துகொண்டுதான் நான் அந்த வார்த்தையைச் சொன்னேன். கிளம்பும் காலையில் உங்கள் அத்தை வழக்கம்போலப் புளிச்சோற்றுப் பொதியை நீட்டினாள். நான் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அந்தக் கிழமை முழுவதும் எதை வாங்கினாலும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், கை பழகிவிட்டது. நண்பர்கள் இருவரும் வாசலில் நிற்கும்போது, "இதுல திகதி இல்லையே" என்றேன்.

உங்கள் அத்தை பொதியைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"ஒங்களக் கட்டிக்கிட்டப்பவும் திகதி பாக்காமத்தான் கட்டிக்கிட்டேன். பாத்திருக்கணும்."

பொறுப்பில் இருப்பவன் ஒரு சாப்பாட்டின் திகதியைக் கேட்பதில் தவறு ஒன்றும் இல்லை என்பதே இன்றுவரை என் கருத்து. இத்துடன் உரக்க வாசிப்பதை நிறுத்தவும்.

வாசிக்க வேண்டாம்:

மாப்பிள்ளை, தவறுதான். ஸெய்னுலாப்தீன் அப்போதே முகத்தைத் திருப்பிக்கொண்டு சப்பாத்துக் கயிற்றைக் கட்டினார், அது ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது. பஸ் றத்தோட்டை வந்ததும் ஜுனைதீன் என் பக்கம் திரும்பினார். பிறகு, "நானா, அந்தச் சோத்துக்குத்தான் நான் நடக்க வாறதே" என்றார்.

மழை நாங்கள் பஸ்ஸை விட்டு இறங்கியவுடன் தொடங்கியது. சாப்பாட்டுப் பை என் முதுகில். உலர்ந்த இடத்தில் வைக்கவும் என்று எல்லாப் பாக்கெட்டிலும் எழுதியிருந்ததை நான் அறிவேன், ஆனால் அந்த மலையில் அப்படி ஓர் இடம் இல்லை. அட்டைகள் காலில் ஏறின. நண்பர்கள் உப்புக் கேட்டார்கள். உப்பு கறிக்கு வாங்கியது, காலுக்கு இல்லை என்று நான் சொன்னேன். "கால் இருந்தாத்தானே நானா கறி" என்று ஸெய்னுலாப்தீன் பாக்கெட்டை வாங்கி மூன்று பேர் காலிலும் தேய்த்தார். அவர் கை தாராளம். ஓடையைக் கடக்கும்போது உப்பும் முடிந்தது, நானும் வழுக்கி விழுந்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. பை பாறையில் அடிபட்டுத் தண்ணீரில் கிடந்தது, உள்ளே பாக்கெட்டுகள் கிழிந்தது எனக்குத் தெரியாது. தூக்கி மாட்டிக்கொண்டு நடந்தேன்.

இனி நடந்ததை நான் எங்கும் வாசித்ததில்லை. பை பாரமாகிக்கொண்டே வந்தது. வாழ்க்கையில் எத்தனையோ மூட்டை தூக்கியவன் நான், மிளகு மூட்டை, கொச்சிக்காய் மூட்டை, எதுவும் தூக்கிய பிறகு பாரம் கூடியதில்லை. வயதாகிவிட்டது என்று நினைத்து வாயை மூடிக்கொண்டு நடந்தேன். பின்னால் வந்த ஜுனைதீன் தான் தைத்த பை வீங்குவதைப் பார்த்து, தையல் தாங்காது என்று கத்தினார். கத்தி முடிப்பதற்குள் ஒரு பக்கத் தையல் விட்டது. நெடுநாள் நிற்கட்டும் என்று பார்த்துப் பார்த்து வாங்கிய சோயா மீட் தண்ணீரைக் குடித்து ஊறி, ஒவ்வொன்றாகப் பாதையில் விழுந்தது. நாங்கள் நடந்த வழியை யாரும் கேட்காமலே கண்டுபிடிக்கலாம். வாங்கும்போது இலேசாக இருப்பதெல்லாம் தண்ணீருக்குக் காத்திருக்கிறது, மாப்பிள்ளை. இந்த எச்சரிக்கையை எந்தப் பாக்கெட்டிலும் போடவில்லை.

கூடாரம் போட்டபோது எங்களிடம் மிஞ்சியது உப்பில்லாத, வேகாத, குளிர்ந்த சோயா மீட். கிறீம் கிறாக்கர் களியாகிவிட்டது. பேரீச்சம்பழத்தை ஜுனைதீனுக்குச் சீனி வருத்தம், இனிப்பு ஆகாது என்பதால் நான் அவரிடமிருந்து காப்பாற்றி வைத்தேன், பிறகு அந்தப் பாக்கெட்டுக்குள் அட்டைகள் புகுந்ததால் யாரும் தொடவில்லை. நெருப்புப் பெட்டி நனைந்ததால் நூடுல்ஸ் அவிக்க வழியில்லை. ஜுனைதீன் கூடாரத்தின் மூலையில் சாய்ந்துகொண்டு, "அந்த நூடுல்ஸ் பாக்கெட்டையாவது வாசிங்க நானா, சாப்பிட்ட மாதிரி நெனச்சிக்கிறோம்" என்றார். டோர்ச் வெளிச்சத்தில் வாசித்தேன். தண்ணீரைக் கொதிக்க விடவும் என்றபோது இருவரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். விரும்பினால் கரட், கோவா போன்ற மரக்கறி, முட்டை சேர்க்கலாம் என்றபோது ஸெய்னுலாப்தீன், "சேருங்க, சேருங்க" என்றார். ஒரு பிழையும் இல்லாமல் வாசித்து முடித்தேன். ஜுனைதீன் இன்னொரு தரம் கேட்டார். வகுப்பில்கூட என்னை யாரும் இப்படிக் கேட்டதில்லை. பசி ஒரு பக்கம் இருக்க, எனக்குப் பெரிய சந்தோசமாக இருந்தது.

வாசித்து முடிந்த பிறகு டோர்ச்சை அணைத்தேன். மூன்று பேரும் எதை நினைத்தோம் என்று மூன்று பேருக்கும் தெரியும். அவள் புளிச்சோற்றில் வேர்க்கடலையைக் கடைசியில் போடுவாள், ஊறிவிடக் கூடாது என்று. எத்தனை மழையில் அந்தப் பொதியைத் தூக்கியிருக்கிறேன், ஒரு சொட்டு உள்ளே போனதில்லை. மறுநாள் காலை இறங்கி வந்து பாதையோரக் கடையில் ரொட்டியும் காரமான கொச்சிக்காய்ச் சம்பலும் சாப்பிட்டோம். ஜுனைதீன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் திகதி கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்தால் கதவு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு நோனா அம்மா சாவியைக் கொடுத்து, உங்கள் அத்தை பொதியைக் கையில் எடுத்துக்கொண்டே நாவுல பஸ்ஸில் ஏறினாள் என்றார். அந்தச் சோற்றை நீங்கள்தான் சாப்பிட்டீர்கள் என்று மேனகா சொன்னாள். எப்படி இருந்தது என்று நான் கேட்க மாட்டேன். அன்றிலிருந்து நான் கிறீம் கிறாக்கரும் பிளேன்டீயும்தான். வீட்டில் எல்லாச் சாமானிலும் திகதி இருக்கிறது. எதையும் வாயில் வைக்க முடியவில்லை. அவள் திரும்பி வந்தால் போதும். மறுபடியும் சொல்கிறேன், இந்தப் பகுதியை வாசிக்க வேண்டாம். அவளுக்குத் தெரிந்தால் பிறகு வீட்டில் என்னால் நிமிர்ந்து உட்கார முடியாது.

மறுபடியும் உரக்க வாசிக்கவும்:

நடை மிக நன்றாக நடந்தது. சாப்பாட்டில் எந்தக் குறையும் வரவில்லை. மிஞ்சியது கூட உண்டு. அடுத்த நடை மழை விட்ட பிறகு. பொறுப்பு இன்னும் என்னிடமே இருக்கிறது. கோழிகள் ஒழுங்காக முட்டை இடுகின்றன, ஆனால் பின்பக்க வேலியைத் தாண்டிப் போவதை நிறுத்த வேண்டுமானால் அவற்றுக்குப் பழகிய ஆள் ஒருவர் வந்து அதட்ட வேண்டும். எனக்காகச் சொல்லவில்லை, கோழிகளுக்காகச் சொல்கிறேன்.

உங்களுக்கும் மேனகாவுக்கும் அம்மன் அருளால் வயலும் வாயும் வயிறும் குறைவில்லாமல் இருக்கட்டும். உங்கள் அத்தைக்கு என் விசாரிப்பு என்று மட்டும் சொல்லவும். குரலை அதிகம் குழைக்க வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் மாமா,
பெ. அழகர்சாமி
(இது கைநாட்டு இல்லை, கையெழுத்து.)

பின்குறிப்பு: மூன்று வாரமாக எழுதிய கடிதத்தை ஒட்டப் போகும் நேரத்தில் நாவுல பஸ் கண்டக்டர் ஒரு பொதியைக் கொடுத்துவிட்டுப் போனார். வாழையிலை, இன்னும் சூடு ஆறவில்லை, புளிச்சோறு. மேலே ஒரு துண்டுக் காகிதம் சோற்றுப் பருக்கையால் ஒட்டியிருந்தது. எழுத்துகள் என்னுடையதைவிடப் பெரியவை, கோணல், பென்சிலை அழுத்தி எழுதியதில் காகிதம் ஓர் இடத்தில் கிழிந்திருந்தது. மூன்று தரம் வாசித்தேன்.

"செய்த திகதி இன்று. முடியும் திகதி நாளை. திறந்தவுடன் சாப்பிடவும். பேசாமல் சாப்பிடவும். செய்தவர் கிருஷ்ணம்மா, நாவுல."

மேனகாவுக்குப் போன் எடுத்தேன். "வந்த அன்னிக்கே பென்சில் கேட்டாங்கப்பா" என்றாள். "திகதி எழுதப் பழகணும்னு ஒரே பிடிவாதம். இப்ப எங்க வீட்டுல உப்பு டின்ன கூட விடாம வாசிக்கிறாங்க."

ஆகவே மாப்பிள்ளை, இந்தக் கடிதத்தை நீங்கள் அவளுக்கு வாசித்துக் காட்டத் தேவையில்லை. அவளே வாசிப்பாள், வாசிக்க வேண்டாம் என்று எழுதிய இடத்தைத்தான் முதலில் வாசிப்பாள். அதைக் கத்தரித்து எடுத்துவிடலாம் என்று கத்தரிக்கோலைத் தேடினேன். எடுத்துவிட்டால் மிஞ்சுவதில் உண்மை கோழிகளைப் பற்றியது மட்டும்தான். அதனால் அப்படியே அனுப்புகிறேன்.

கிருஷ்ணம்மா, சோறு நன்றாக இருந்தது. பேசாமல்தான் சாப்பிட்டேன். ஜுனைதீனுக்கும் ஸெய்னுலாப்தீனுக்கும் கொடுக்கவில்லை. திகதி எல்லாம் சரியாக இருக்கிறது. ஊர்ப் பெயர் மட்டும் பிழை. அடுத்த பொதியில் மாத்தளை என்று எழுதவும்.